ஆய்வு நாளில் வராதவர்கள்

வேலையின் கடைசி ஆண்டுகளில் நான் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்தேன். பாபநாசத்துப் பக்கமும் ஒரத்தநாட்டுப் பக்கமும் தலைமை ஆசிரியர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. நான் வருகிறேன் என்று தெரிந்தால் நாற்காலியில் துண்டு விரித்து, இளநீர் சீவி வைத்து, பதிவேடுகளை அட்டை போட்டு அடுக்கியிருப்பார்கள். நான் உட்கார மாட்டேன். நின்றபடியே ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"இன்னிக்கு யார் யாரை வரவேணாம்னு சொன்னீங்க?"

"அப்படியெல்லாம் யாரையும் சொல்லலீங்கம்மா" என்பார்கள். "பரவாயில்ல, அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. வந்த பிறகு உக்கார்றேன்" என்பேன். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக வருவார்கள். தலையெல்லாம் புண் வந்தவன், வாய் திக்குகிறவள், சட்டைப் பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு குத்தியவன், எழுத்துக் கூட்டத் தெரியாத நாலாம் வகுப்புப் பையன். அதுவரை பள்ளிக்குப் பின்னால் எங்காவது நின்றிருப்பார்கள். யாருக்காக நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேனோ அவர்களை ஒளித்துவைத்துவிட்டு, எனக்கு இளநீர் கொடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

கோபக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். இருக்கட்டும். ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் மீதே எனக்குள்ள கோபம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை எங்கும் சொன்னதில்லை.

எனக்கு முதல் வேலை பாபநாசத்திலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு ஊரில் கிடைத்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நான் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை பார்த்தார். அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நடவுக்குப் போனவள். எங்கள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியது நான்தான். புதிய கட்சி ஆட்சிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்ச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். வயல் வரப்புகளில் வேறொரு சிவப்பு. கூலி உயர்த்தச் சொல்லி விவசாயத் தொழிலாளர்கள் நட்ட செங்கொடிகள். நில உச்சவரம்புக்குப் பயந்து யார் யார் பேருக்கோ நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பேச்சு அடிபட்டது. சமாதானமாகப் பேசுகிற ஆள் ஒருவரும் இல்லை.

பள்ளி என்றால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூடம், ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமை ஆசிரியர் வாரத்தில் பாதி நாள் மாதாந்திர அறிக்கை, மதிய உணவுக் கணக்கு என்று ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பார். அந்த நாட்களில் ஐந்து வகுப்பும் என் தலையில். பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றி. அப்படி ஒரு பள்ளிக்கூடத்தை அவர்களாவது பார்த்திருந்தார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லப் போனால் ஒன்றாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்திருப்பான். அதற்கு என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

பள்ளி திறந்து சில நாளில் குறுவை நடவு தொடங்கியது. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் இல்லை. அம்மாக்கள் விடிவதற்கு முன்பே நாற்று பறிக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தையை அக்காள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அக்காளுக்கு எட்டு வயது, ஒன்பது வயது. நான் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டே போனேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் காவிரிப் பாசனத்து ஆறுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் ஜன்னலிலிருந்து வந்தது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று வரிசையாக. வெளியே, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண். என் ஐந்தாம் வகுப்புப் பெண்தான். மளிகைச் சாமான் கட்டிவந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். நடவு தொடங்கியதிலிருந்து அவளுக்கு நேராக நான் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவளோ தினமும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறாள்.

"உள்ள வா" என்றேன்.

"தம்பி அழுவான் டீச்சர்."

"அழுதா அழட்டும், வா."

அழத்தான் செய்தான். கூடமே அதிர்ந்தது. அவள் அவனைத் தட்டிக்கொண்டே மேலே அண்ணாந்து பார்த்தாள். கூடத்தின் குறுக்கே நல்ல தடிமனான உத்தரங்கள் ஓடின. "டீச்சர், அதுல தூளி கட்டலாமா?" என்று கேட்டாள். மறுநாள் அவள் அம்மாவின் பழைய சேலையும் நான் கடையில் வாங்கிய தேங்காய்நார்க் கயிறும் சேர்ந்து முதல் தூளி ஆடியது. தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டாள். கை சிலேட்டில் எழுதியது, கால் தம்பியை ஆட்டியது.

இரண்டு வாரத்தில் ஆறு தூளிகள். ஆறு பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். குழந்தைகள் தூங்கின. சில நேரம் ஒன்றாம் வகுப்பும் சேர்ந்து தூங்கியது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதம்போல நான் எப்போதும் பாடம் நடத்தியதில்லை. என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு நாள், "ஆய்வுக்குப் பெரிய ஆபீசர் வருவார். அன்னிக்கு நீதான் வாசிக்கணும்" என்று சொன்னேன். இதைச் சொன்னது நான்தான். மறக்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

தலைமை ஆசிரியர் முதலில் தூளிகளை அப்படியே விட்டுவைத்தார். அவர் கெட்டவர் இல்லை. மூச்சிழுப்பு நோய்க்காரர், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு பாக்கி. யார் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் எழுந்து நின்றுவிடுவார்.

குரலை உயர்த்த ஆள் வந்தது. ஊரின் பெரிய பண்ணைக் காரியஸ்தர் ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. உத்தரத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"என்ன சார் இது, பள்ளிக்கூடமா, துணி காயப்போடுற எடமா? எங்க புள்ளைங்க தலைக்கு மேல யாரு வூட்டுப் பொடவை தொங்குது?"

"தோய்ச்சதுதாங்க" என்றேன் நான்.

"தோய்ச்சா சரியாப் போயிடுமா?"

அந்தப் பொடவையைக் கட்டிய பெண்கள் நட்ட நெல்லைத்தான் அவர் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். அதில் ஒட்டாத தீட்டு தூளியில் வந்து ஒட்டிக்கொண்டதாம். இதை நான் வாய்விட்டுச் சொல்வதற்குள் தலைமை ஆசிரியர் என்னைக் கண்ணாலேயே அடக்கினார். ஆனால் காரியஸ்தருக்கு உள்ளுக்குள் உறுத்தியது வேறு விஷயம். போகும்போது அதுவும் வெளியே வந்தது. "கொடி புடிச்சுக்கிட்டு வரப்புல உக்காந்திருக்கிற பொம்பளைங்களுக்குப் புள்ள ஆட்டிவிடத்தான் கவர்மெண்டு உங்களுக்குச் சம்பளம் குடுக்குதா?"

அந்த வாரம்தான் கூலித் தகராறு முற்றியிருந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கி நடவு செய்யப் பார்த்தது. உள்ளூர்ப் பெண்கள் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையில் உட்கார்ந்து மறித்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தை கையில் இருந்திருந்தால் வெயிலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியாது. என் தூளிகளால் அவர்கள் கை ஒழிந்துவிட்டது என்பதுதான் அவருடைய கோபம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் என் ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் அம்மா.

அடுத்த வாரம் தபால் கார்டு வந்தது. வியாழக்கிழமை துணை ஆய்வாளர் ஆண்டாய்வுக்கு வருகிறார். எல்லாரும் அவரை டி.ஐ. என்பார்கள். அந்த இரண்டு எழுத்தைக் கேட்டாலே தலைமை ஆசிரியருக்கு இழுப்பு வந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசினோம். அதுவரை எழுதாமல் விட்ட பாடக்குறிப்பையெல்லாம் இரண்டு நாளில் எழுதி முடித்தேன். புதன்கிழமை சாயந்திரம் அவர் என் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், தூளிய எல்லாம் இறக்கிடுங்க."

"சரிங்க சார். குழந்தைங்கள மடியில வச்சுக்கச் சொல்றேன்."

"அது இல்ல. அந்தப் பொண்ணுங்கள நாளைக்கு வரவேணாம்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு நாள்தான்."

"சார், அந்தப் பொண்ணுதான் சார் நம்ம ஸ்கூல்லயே நல்லா வாசிக்கும்."

"இருக்கட்டும்மா. இடுப்புல குழந்தையோட நின்னு வாசிச்சா டி.ஐ. என்ன எழுதுவாரு தெரியுமா? காரியஸ்தர் வேற அவர்கிட்ட ஏற்கெனவே போயிருப்பாரு. நான் மெமோ வாங்கிட்டு ஓய்வுபெறணுமா? நீங்க தகுதிகாண் பருவத்துல இருக்கீங்க, அதையும் யோசிச்சுக்குங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஆய்வு அன்னிக்கு இப்படித்தாங்க நடக்குது. நீங்க சொன்னா அதுங்க கேட்கும்."

நான் வாதாடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வாதாடவில்லை. தகுதிகாண் பருவம் என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருந்த முகங்கள் ஞாபகம் வந்தன. மணி அடித்ததும் ஆறு பெண்களையும் நிறுத்தி, சிரித்த முகத்தோடு சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் வீட்லயே இருங்க. நாளன்னைக்கு வாங்க."

"ஏன் டீச்சர்?" என்று கேட்டது அவள்தான்.

"பெரிய ஆபீசர் வர்றாரு."

அவள் என்னைப் பார்த்தாள். 'நீதான் வாசிக்கணும்' என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு இடுப்பில் இருந்த தம்பியைப் பார்த்தாள். "சரிங்க டீச்சர்" என்றாள். ஒரு அழுகை இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. பத்து வயதுப் பெண் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்ளக் கூடாது.

டி.ஐ. வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேடைத் தமிழ். "கல்வி என்னும் கலங்கரை விளக்கத்தைக் காத்து நிற்கும் ஆசிரியப் பெருமக்களே" என்று எங்கள் இரண்டு பேரைப் பார்த்துப் பேசினார். இளநீர் குடித்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அன்றைக்கு ஆறு பெண்களுக்கும் காய்ச்சல் என்று எழுதியிருந்தோம். ஒரே தெருவில், ஒரே வயதில், ஒரே நாளில் ஆறு பெண்களுக்குக் காய்ச்சல். ஊரில் தொற்றுநோயா என்றாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர்தானே.

அடுத்து என் பாடக்குறிப்பை எடுத்தார். ஒரு பக்கம் முழுக்கப் பார்த்துவிட்டு, "'நோக்கம்' என்ற தலைப்பின் கீழ் சிவப்பு மையால் கோடிடவில்லையே அம்மா" என்றார். ஐந்தாம் வகுப்பை வாசிக்கச் சொன்னார். பண்ணை வீட்டுக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் எழுந்து தட்டுத் தடுமாறி ஒரு பத்தியை முடித்தான். "நன்று, நன்று" என்று தலையில் தட்டினார்.

கிளம்பும்போது, "ஆசிரியர்களுக்கு ஐயம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். கேட்கச் சொல்லித்தானே கேட்டார் என்று நினைத்து நான் கேட்டுவிட்டேன்.

"சார், ஒரே நேரத்துல அஞ்சு வகுப்புக்கு எப்படிங்க சார் பாடம் எடுக்கறது? அப்புறம், நடவு சமயத்துல பொண்ணுங்க கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வர முடியாம நின்னுடுதுங்க. அதுங்கள என்னங்க சார் செய்யறது?"

டி.ஐ. சிரித்தார். மேடைத் தமிழ் அப்போது மட்டும் இறங்கி வந்தது. "அதெல்லாம் அனுபவத்துல தானா வரும்மா. பாடக்குறிப்ப மட்டும் ஒழுங்கா எழுதிட்டு வாங்க."

ஆய்வுக் குறிப்பில் எழுதினார்: 'வகுப்பறைச் சூழல் தூய்மை. மாணவர் ஒழுக்கம் நிறைவு.' தலைமை ஆசிரியர் அதை இரண்டு முறை படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மனிதர் வருகிறார். எங்கள் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள அரசாங்கம் அனுப்பிய ஒரே ஆள் அவர்தான். அவர் வரும்போது கஷ்டத்தையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கஷ்டமே இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குச் சந்தோஷப்படுகிறோம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

வெள்ளிக்கிழமை மூன்று பெண்கள் வந்தார்கள். திங்கட்கிழமை இன்னும் இரண்டு பேர். அவள் வரவில்லை. ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தேன். ஜன்னலிலும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் தெருவுக்குப் போனேன். அன்று மறியல் இல்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் எடுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்து, பிள்ளையை அனுப்பச் சொன்னேன். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போடவில்லை.

"நீங்கதான டீச்சரம்மா வரவேணாம்னீங்க."

"ஒரு நாளைக்குத்தாம்மா. ஆய்வு நடந்த அன்னிக்கு மட்டும்."

"ஆமா. பண்ணை வூட்டுக்குக் கலெக்டரு வந்தாக்க எங்களக் கொல்லப்பக்கம் போவச் சொல்லுவாங்க. அன்னிக்கு மட்டுந்தான். மறுநா வேலைக்குக் கூப்புடுவாங்க. நாங்க போவோம், கூலி வேணுமே. புள்ளையும் அப்படிப் போவணுமா? பெரியவங்க வர அன்னிக்கு வேணாத புள்ள, மத்த நாளு எதுக்கு டீச்சரம்மா?"

என் அம்மாவை நடவுக்குக் கூப்பிட்ட வீட்டில் கல்யாணம் என்றால், அன்றைக்கு முன்தெரு வழியாக வரக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். அம்மா அதை எங்களிடம் எத்தனையோ முறை சொல்லி ஆத்திரப்பட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்களை நான் சின்ன வயதிலிருந்தே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் மகள், பயிற்சி முடித்து, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, அதே சொல்லை ஆறு பிள்ளைகளிடம் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"தப்புதாம்மா. நான் செஞ்சது தப்பு. அனுப்புங்க" என்றேன்.

"அதுதான் மாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா. "மொத ரெண்டு நாளு போன்னு நான் அடிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

அந்தப் பெண் உள்ளே இருட்டில் தம்பியோடு நின்றிருந்தாள். கூப்பிட்டேன். வந்தாள். கையில் ஒரு சுருள் இருந்தது. தூளிக்கு நான் வாங்கிய கயிறு. ஆய்வுக்கு முந்தின நாள் தூளியை இறக்கியதும் அவசரத்தில் சேலையோடு சேர்த்து அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தேன். அழகாகச் சுருட்டி முடிச்சுப் போட்டிருந்தாள். "பள்ளிக்கூடத்துக் கயிறு டீச்சர்" என்று என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகும் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவள் நாற்று பறிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த மாதம் பாபநாசத்தில் ஆசிரியர் கூட்டம். பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து கம்பளித் துணி ஒட்டிய பலகையைக் காட்டினார். அதில் துணியில் வெட்டிய வாத்து ஒன்றை ஒட்டினார், எடுத்தார், மறுபடி ஒட்டினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் எழுந்து, "சார், கைக்குழந்தையோட வர்ற பொண்ணுக்கு எங்க எடம்?" என்று கேட்டேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. "அது நிர்வாகப் பிரச்சினை அம்மா. இது கற்பித்தல் பற்றிய கூட்டம்" என்றார். நிர்வாகத்திடம் கேட்டிருந்தேன். அது ஆசிரியரின் அனுபவத்தில் வருவது என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் நாற்று பறித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்று பஸ் நிலையத்தில் ஒன்று நடந்தது. சிரித்தவர்களில் நாலைந்து பேர் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒரு தலைமை ஆசிரியை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நானும் நாலு பேர அனுப்பினேன்" என்றார். இன்னொருவர், "நான் எட்டு" என்றார். வயதான ஒரு ஆசிரியர், "எனக்கு மூணாங் கிளாஸ்ல ஒருத்தனுக்கும் வாசிக்கத் தெரியாது. ஆய்வு அன்னிக்கு அந்த வகுப்பையே கோயில் தோப்புக்கு உல்லாசப் பயணம்னு அனுப்பிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை.

அதுவே வழக்கமாகிவிட்டது. மாதா மாதம் கூட்டம் முடிந்ததும் ஒரு பஸ்ஸை விட்டுவிடுவோம். அடுத்த பஸ் வரும்வரை உள்ளதை உள்ளபடி பேசுவோம். அறுவடை நாட்களில் காலை ஏழு மணிக்கே மணி அடித்துப் பத்து மணிக்குள் பாடத்தை முடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் பழக்குவது எப்படி என்று ஒருவர் தரையில் குச்சியால் வரைந்தே காட்டினார். தலைப்புண்ணுக்கு வேப்பெண்ணெய், அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தடவிவிடுங்கள், அப்போதுதான் ஒருத்தனுக்கு மட்டும் வெட்கமாக இருக்காது என்றார் அந்தத் தலைமை ஆசிரியை. காதைக் கடிக்கிறவனுக்கும் மருந்து கிடைத்தது. அவனை மணி அடிக்கிற வேலைக்கு வைத்துவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டு வேலையில் எனக்கு உண்மையாகக் கிடைத்த உதவி அந்தச் சிமெண்டு பெஞ்சில் கிடைத்ததுதான். அதற்கு ஒரு அலுவலகமும் காரணம் இல்லை. பிறகு நான் அதிகாரியானபோது அந்த விட்டுவிட்ட பஸ்ஸை வேலை நேரத்துக்குள்ளேயே கொண்டுவரப் பார்த்தேன். கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் யாரும் வாத்து ஒட்டக் கூடாது, அவரவர் வகுப்பில் எது ஓடவில்லை என்று சொல்ல வேண்டும் என்று வைத்தேன். சொன்னதற்காக ஒருவருக்கும் மெமோ கிடையாது என்றும் சொன்னேன். நம்ப வைக்க மூன்று வருஷம் பிடித்தது.

அவள் வீட்டுக்கு முதல் முறை போய்வந்த அன்றே தூளிகளை மறுபடி கட்டிவிட்டேன். ஐந்து தூளி. தலைமை ஆசிரியர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றியத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகு பொறுப்பு எனக்கு வந்தது. கூலித் தகராறு ஒரு மாதிரி முடிந்து, மறுபடி தொடங்கி, மறுபடி முடிந்தது. காரியஸ்தர் வருவதை நிறுத்திவிட்டார்.

ஐந்து வருஷம் கழித்து, பள்ளி திறந்த முதல் நாள். சேர்க்கைக்கு வந்த பிள்ளைகளுக்கு வயது பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. ஒரு பையன் வந்து நின்று சுலபமாகக் காதைத் தொட்டான். யார் கூட வந்தது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள்தான். தாவணி போட்டு வளர்ந்திருந்தாள். விரல் நகங்களில் சேற்றுக் கறை. அந்தத் தம்பிதான் இவன், அந்த முதல் தூளியில் கிடந்தவன். அவள் வாசலுக்கு வெளியே, முன்பு நின்ற அதே ஜன்னல் பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

அவள் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். என் நாற்காலியைப் பார்த்தாள். "இன்னிக்கு ஆபீசரு யாரும் வரலீங்களே டீச்சர்?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வயலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"யாரும் வரல."

அதற்குப் பிறகுதான் படியேறி உள்ளே வந்தாள். நான் பையனின் பெயரை எழுதினேன். தகப்பன் பெயர் எழுதினேன். அவள் பதிவேட்டில் என் பேனா போகும் வழியைப் பார்த்தபடி, உதட்டுக்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் சொன்னாள்.

"ஆபீசரு வர அன்னிக்கு ஒரு நா முன்னாடியே சொல்லி அனுப்பிடுங்க டீச்சர். தம்பிய நான் வூட்டுலயே வச்சுக்குறேன்."

"அன்னிக்கு இவன்தான் மொத வரிசையில உக்காருவான்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள். அன்றைக்குச் சொன்ன அதே 'சரிங்க டீச்சர்'. அவள் நம்பவில்லை. அவள் நம்புவதற்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை.